பேக்கரியின் சம்பளக் கணக்குக்கு வாங்கிய மென்பொருள்: ஓராண்டுப் பயன்பாட்டின் பின் ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பில் நான் கணக்குப் பார்க்கும் பேக்கரியின் சம்பளப் புத்தகத்தில் 24 பெயர்கள் இருந்தன. இரவு எட்டு மணிக்கு மாப் பிசையத் தொடங்கி விடியும்வரை பாண் சுடும் அடுப்பான போறணையடியில் நிற்பவர்கள் ஒன்பது பேர். பொதி கட்டவும் துப்புரவு செய்யவும் நாட்கூலியில் வருபவர்கள் மூவர். கல்லடியில் உள்ள விற்பனைக் கடையில் ஐவர். அலுவலகத்தில் என்னையும் சேர்த்து இருவர். முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டபடி காலையிலும் மாலையிலும் ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண் விற்கச் செல்லும் சூன் பாண்காரர்கள் ஐவர். முதலாளி ஒருவரே என்றாலும், இவர்களுள் யாருக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. 2025 தொடக்கம்வரை இந்தக் கணக்கை நீளக் கொப்பியில் எழுதி, கல்குலேட்டரில் கூட்டி, மாதக் கடைசியில் மூன்று இரவுகளைச் செலவழித்து முடித்து வந்தேன். அந்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்பு நிறுவனம் ஒன்று விற்கும் இணையவழிச் சம்பள மென்பொருளுக்குச் சந்தா கட்டினோம். அதைப் பற்றிய மதிப்பீடே இது. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. குறைகளுள் சில எனது தவறான பதிவினால் பெரிதாகியவை என்பது ஒரு காரணம். வேறு இரண்டு மென்பொருட்களின் மாதிரிப் பதிப்புகளைத் திறந்து பார்த்தபோது அவற்றிலும் ஏறத்தாழ இதே அமைப்பையே கண்டேன் என்பது மற்றொரு காரணம்.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பதிவுக்கு 25,000 ரூபாவும், அதன்பின் பெயர் ஒன்றுக்கு மாதம் 200 ரூபாவும் கேட்டார்கள். 24 பெயருக்கு மாதம் 4,800 ரூபா ஆகிறது. மூன்று இரவுத் தூக்கத்தின் விலை அது என்று முதலாளியிடம் சொன்னேன். என் தூக்கத்துக்கு அவர் அவ்வளவு மதிப்புக் கொடுக்கவில்லை என்றாலும், ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதிக்குப் பிந்திக் கட்டிய ஒரு மாதத்தின் தண்டத்தை நினைத்துக்கொண்டு சம்மதித்தார்.

அந்த வகையில் மென்பொருள் தன் வேலையைச் செய்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியிடமிருந்து மட்டும் 3 சதவீதம் என்ற கணக்கில் இந்த ஓராண்டில் ஒரு சதம்கூடப் பிசகவில்லை. 30,000 ரூபா பெறுபவருக்கு 2,400 ரூபா கழிகிறது, நாங்கள் 3,600 ரூபாவும் 900 ரூபாவும் சேர்க்கிறோம், பங்களிப்புகளைக் காட்டும் சி படிவம் தானாக நிரம்பிவிடுகிறது. ஒரு மாதத்துக்கான பங்களிப்பை அடுத்த மாத இறுதி நாளுக்குள் கட்ட வேண்டும் என்பதால், இருபதாம் திகதியிலிருந்தே கைத்தொலைபேசிக்கு நினைவூட்டல் வந்துகொண்டிருக்கும். பத்து நாள் பிந்தினால் 5 சதவீதத்தில் தொடங்கி, ஓராண்டைத் தாண்டினால் 50 சதவீதம்வரை ஏறும் மேலதிகக் கட்டணத்தை அறிந்தவர்களுக்கு அந்த நினைவூட்டலின் அருமை விளங்கும். 25,000 ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 25 ரூபா முத்திரைத் தீர்வை, மாதம் 150,000 ரூபாவைத் தாண்டுவோருக்கு வருமான வரி ஆகியவையும் சரியாகவே நடக்கின்றன. பின்னையது எங்கள் பேக்கரியில் எவருக்கும் தேவைப்பட்டதில்லை.

இவையெல்லாம், ஆள் யார் என்பதை நாம் சொன்னதற்குப் பிறகு நடக்கும் கூட்டல் கழித்தல். ஆள் யார் என்று மென்பொருள் கேட்கும் இடந்தான் என் மதிப்பீட்டின் மையம். புதிய பெயர் ஒன்றைப் பதியும்போது ‘ஊழியர் வகை’ என்றொரு சிறு பட்டியல் விரிகிறது. நிரந்தரம், தகுதிகாண், தற்காலிகம், அமையம் (தேவைப்படும்போது மட்டும் வேலை), ஒப்பந்தம், பயிலுநர், வெளிச் சேவையாளர் என்று ஏழு சொற்கள் அதில் உள்ளன. எது எதைக் குறிக்கிறது என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் சில ஆளிகள் மறைந்திருக்கின்றன. ‘நிரந்தரம்’ என்று தெரிந்தால் சேமலாப நிதி, மேலதிக நேரம், விடுமுறை, பணிக்கொடை (வேலையிலிருந்து விலகும்போது கொடுக்கும் தொகை) ஆகிய நான்கும் இயங்கும். ‘அமையம்’ என்று தெரிந்தால் விடுமுறையும் பணிக்கொடையும் நின்றுவிடும், சேமலாப நிதி ‘விருப்பத்துக்குரியது’ என்றாகிவிடும். ‘ஒப்பந்தம்’ அல்லது ‘வெளிச் சேவையாளர்’ என்று தெரிந்தால் எல்லாமே நின்றுவிடும். அறையின் விளக்கை அணைப்பது போல, ஒரு விரல் தட்டலில் ஒருவருடைய சேமலாப நிதியை அணைத்துவிடலாம். எச்சரிக்கை எதுவும் வராது.

சட்டம் அப்படி இயங்கவில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, நிரந்தரம், தற்காலிகம், அமையம், பயிலுநர் என்ற வேறுபாடின்றி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஊழியர் அந்த நிதிக்கு உரித்துடையவர். துண்டு வேலைக்கும் கொமிசனுக்கும் வேலை செய்பவர்கள்கூட அதற்குள் அடங்குவர். ‘மூன்று மாதம் பார்த்துவிட்டு ஈ.பி.எப். (சேமலாப நிதி) போடுவோம்’ என்று எங்கள் பக்கத்தில் பல முதலாளிமார் நல்ல மனத்துடனேயே சொல்வதுண்டு. அந்த மூன்று மாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. மென்பொருளின் ‘தகுதிகாண்’ வகையோ அந்தப் பழக்கத்துக்குக் கணினி முத்திரை குத்திக் கொடுக்கிறது: அதைத் தெரிவு செய்தால் ‘சேமலாப நிதி எந்த மாதத்திலிருந்து?’ என்று தனியாக ஒரு பெட்டி திறக்கிறது. எங்களிடம் நாட்கூலிக்கு வரும் மூவரையும் முதல் மாதம் நான் ‘அமையம்’ என்று பதிந்தபோது மூவருக்கும் சேமலாப நிதி கழியவில்லை. பழைய கொப்பியில் கழித்து வந்த பணம் கையில் கூடுதலாக வந்ததைக் கண்டு, மூவரிலும் மூத்த அக்காதான் முதலில் வந்து கேட்டார். கணினி தவறு செய்யாது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அவர் கேட்ட பின்னரே ஆளியைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

அதைவிடச் சிக்கலானது சூன் பாண்காரர்களின் கதை. பழைய கொப்பியில் ஐவரின் பெயருக்கு எதிரேயும் ‘கொமிசன்’ என்று எழுதியிருந்தது. மாதச் சம்பளம் கிடையாது. விற்றதில் ஒரு பங்கு. மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அழைத்துக் கேட்டபோது, கொமிசன் என்றால் ‘வெளிச் சேவையாளர்’ என்று போடுங்கள், செலவும் குறையும் என்றார் மறுமுனையில் இருந்தவர். நானும் போட்டுவிட்டேன். பிறகு ஏதோ உறுத்தியது. கொமிசன் என்பது காசைக் கணக்கிடும் முறை. ஆள் யாருக்கு வேலை செய்கிறார் என்பதை அது எப்படிச் சொல்லும்? ஒரு வாரம் கழித்து மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்துக்குப் போய்த் தொழில் உத்தியோகத்தரிடம் கேட்டேன். அவர் வகைப் பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வண்டி யாருடையது, எண்ணெய் யார் அடிப்பது, எந்த ஒழுங்கைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று சொல்வது யார், விற்காமல் திரும்பி வரும் பனிஸ் யாருடைய நட்டம், வர முடியாத நாளில் அவர் தன் இடத்துக்கு வேறோர் ஆளை அனுப்பலாமா, வேறு பேக்கரியின் சாமானையும் அதே வண்டியில் விற்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

இந்தக் கேள்விகளோடு திரும்பி வந்து ஐவரையும் பார்த்தபோது படம் தெளிவாகியது. நால்வர் ஓட்டுவது பேக்கரியின் வண்டி. எண்ணெயும் திருத்த வேலையும் எங்கள் செலவு. காலை ஐந்தரைக்கு ஒருவர் நாவற்குடாப் பக்கம், ஒருவர் ஆரையம்பதிப் பக்கம் என்று பாதையைப் பிரித்துக் கொடுப்பது எங்கள் முதலாளி. விற்காத சாமான் பேக்கரிக்கே திரும்பி வரும். வர முடியாவிட்டால் முதல் நாள் இரவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏச்சு விழும். இவர்களை வெளிச் சேவையாளர் என்று அழைப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தென்படவில்லை. ஐந்தாமவர் வேறு விதம். வண்டி அவருடையது. எங்களிடம் பாணையும் பனிஸையும் மொத்த விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறார், வேறோர் இடத்தில் வாங்கிய கேக்கையும் அதே கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்குகிறார், எந்த ஊருக்குப் போகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது, மிஞ்சினால் அவருக்குத்தான் நட்டம். சில நாள் அவருடைய மருமகன் வந்து சாமான் எடுத்துப் போகிறார், நாங்கள் கேட்பதுமில்லை. அவர் எங்களுடைய வாடிக்கையாளர். சம்பளப் புத்தகத்தில் அவர் பெயர் இத்தனை காலம் இருந்ததே தவறு. ஐவரும் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு ஒரே மாதிரி வண்டியில் ஒரே பாணை விற்கிறார்கள்; ஒருவருடைய தொழில் உறவு மட்டும் மற்ற நால்வரிடமிருந்து அடியோடு வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்குத் தேவையான ஆறு கேள்விகளில் ஒன்றைக்கூட மென்பொருள் கேட்பதில்லை.

நால்வரையும் ஊழியர் வகைக்கு மாற்றியதால் வந்த செலவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு மாதம் 42,000 ரூபா கொமிசன் உழைத்தால் எங்கள் பங்காகச் சேமலாப நிதிக்கு 5,040 ரூபாவும் நம்பிக்கை நிதியத்துக்கு 1,260 ரூபாவும் சேர்ந்து 6,300 ரூபா ஆகிறது. நால்வருக்கும் 25,200 ரூபா. இந்தத் தொகையைச் சொன்னபோது முதலாளி சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். ஓட்டுபவர்களும் எல்லோரும் மகிழவில்லை. 3,360 ரூபா கழிவதை இளையவர் ஒருவர் இன்னும் முணுமுணுக்கிறார். அவருக்கு வயது இருபத்து நான்கு.

மேலதிக நேரக் கணக்கில் கண்ட குறை இதன் தம்பி. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம்; தொழில்வாரியாகச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சபைகளை அமைப்பது அது, பேக்கரித் தொழிலுக்கு அதன் கீழ்த் தனிச் சபை உண்டு. கடை, அலுவலக ஊழியர்களுக்கானது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். இரண்டிலும் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்பதுதான் விதி என்றாலும், மாதச் சம்பளத்திலிருந்து ஒரு மணி நேரச் சம்பளத்தைக் கண்டுபிடிக்கும் வகுத்தி வேறுபடுகிறது. கடை, அலுவலக ஊழியருக்கு 240 ஆலும், சம்பளச் சபைத் தொழிலில் உள்ளவருக்கு 200 ஆலும் வகுக்கிறோம். 36,000 ரூபா சம்பளத்தை எடுத்துக்கொண்டால், முதலாமவருக்கு மணிக்கு 150 ரூபா, ஒன்றரை மடங்கு 225 ரூபா. இரண்டாமவருக்கு மணிக்கு 180 ரூபா, ஒன்றரை மடங்கு 270 ரூபா. ஒரு மணி நேரத்தில் 45 ரூபா பெரிதாகத் தோன்றாது. மாதம் 40 மணி நேரம் மேலதிகமாக நின்றால் 1,800 ரூபா. மென்பொருளில் நிறுவனம் முழுவதற்கும் ஒரே வகுத்தியே இருந்தது, அது 240. கொழும்பில் மேசைக்கு முன்னால் இருப்பவர்களை நினைத்துச் செய்த மென்பொருள் என்பது அந்த ஓர் எண்ணிலேயே தெரிந்துவிட்டது. போறணையடியில் நிற்கும் ஒன்பது பேருக்கும் முதல் இரண்டு மாதங்கள் குறைவாகப் போட்டுவிட்டு, பின்னர் பாக்கியாகச் சேர்த்துக் கொடுத்தோம். நான்கு முறை எழுதிய பிறகு ‘பிரிவு’ வாரியாக வகுத்தியை மாற்றும் வசதியைச் செய்து கொடுத்தார்கள். அதற்கு மேலதிகக் கட்டணம் கேட்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

விடுமுறையிலும் இதே பிரச்சினை. கடை, அலுவலகச் சட்டத்தின் கீழ் வருபவருக்கு ஆண்டு விடுமுறை 14 நாளோடு திடீர்த் தேவைக்கான அமைய விடுமுறை 7 நாளும் உண்டு. சம்பளச் சபைத் தொழிலாளருக்கு அமைய விடுமுறை சட்டத்தால் வருவதில்லை. மென்பொருள் எல்லோருக்கும் 14, 7 என்று எழுதி வைத்தது. இது மாவேலைக்காரர்களுக்குச் சாதகமான தவறு என்பதால் முதலாளியிடம் பேசி அப்படியே விட்டுவிட்டோம். கூடக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

குறைந்தபட்சச் சம்பளம் மாறியபோது மென்பொருள் எப்படி நடந்துகொண்டது என்பது பலருக்குப் பயன்படும். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் மாதம் 10,000 ரூபாவில் தொடங்கியது. 2021இல் 12,500, 2024 செப்டெம்பரில் 17,500 என்று ஏறி, 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவும் ஆகியது. முன்பு சம்பளச் சிட்டையில் தனி வரியாக இருந்த 3,500 ரூபா வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படியும் இந்த மாற்றத்தோடு அடிப்படைக்குள் போய்விட்டது. ஏப்ரலிலிருந்து என்று அறிவித்தாலும் திருத்தச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது ஜூலையில்தான் என்பதால், காத்திருந்த முதலாளிமாருக்குப் பாக்கிக் கணக்குப் பார்க்க வேண்டி வந்தது. அந்தப் பாக்கியை மாத வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மாதத்துக்கும் சேமலாப நிதியையும் மேலதிக நேரத்தையும் திருப்பிக் கணக்கிடும் வசதி இந்த மென்பொருளில் இருக்கிறது. கொப்பியில் ஒரு வாரம் எடுத்திருக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. சந்தா கட்டியதற்காக நான் மனதார மகிழ்ந்த ஒரே நாள் அது.

ஆனால் குறைந்தபட்சத்தைச் சரிபார்க்கும் சிவப்பு எச்சரிக்கை நம்பத்தக்கதாக இல்லை. நாட்சம்பளத்துக்குத் தனிக் குறைந்தபட்சம் உண்டு. 2025 ஏப்ரல் முதல் 1,080 ரூபா, 2026 ஜனவரி முதல் 1,200 ரூபா. 25 நாளால் பெருக்கிப் பார்த்தால் மாதத் தொகையே வருவதைக் காணலாம். எங்கள் நாட்கூலிக்காரர் ஒருவர் மாதத்தில் 20 நாள் மட்டும் வந்து 24,000 ரூபா பெற்றால் அதில் குற்றமில்லை. மென்பொருளோ அதை 30,000 ரூபாவுடன் ஒப்பிட்டுச் சிவப்பில் கத்துகிறது. கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. கொமிசனுக்கு ஓட்டும் நால்வருக்கு அது குறைந்தபட்சத்தைப் பார்ப்பதே இல்லை. வடகீழ்ப் பருவமழை இறங்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஒழுங்கைகளில் வெள்ளம் நின்றுவிட்டால் சூன் பாண் வண்டி பாதி நாள் வெளிக்கிடாது. அந்த மாதங்களில் ஒருவருடைய கொமிசன் குறைந்தபட்சத்தைத் தொடாவிட்டால் மீதியை நாங்கள் நிரப்பிக் கொடுக்கிறோம். அதைக் கையால்தான் பார்க்கிறோம். மேலதிக நேரப் பணத்தைக் கூட்டி ஒருவர் 30,000 ரூபாவை எட்டிவிட்டதாக மென்பொருள் பச்சை காட்டிய சம்பவமும் இருமுறை நடந்தது. மேலதிக நேரத்தை விலக்கிய பிறகே குறைந்தபட்சத்தைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக் கணக்கைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை, எனினும் பேக்கரியும் சாப்பாட்டுக் கடையும் நடத்துவோர் அறிந்திருக்க வேண்டியது அது. சேமலாப நிதிச் சட்டம் சொல்லும் ‘உழைப்பு வருமானம்’ என்பதற்குள், முதலாளி கொடுக்கும் சமைத்த அல்லது சமைக்காத உணவின் பணப் பெறுமதியும் இடம்பெறுகிறது. அதை முதலாளி மதிப்பிடலாம், தொழில் ஆணையாளர் மீளாய்வு செய்யலாம். மேலதிக நேரம் அந்த வருமானத்துக்குள் வராது. மென்பொருளில் உணவுக்கு இடமே இல்லை. ‘ஏனைய படிகள்’ என்ற பெட்டியில் போட்டால், அதைக் காசாகக் கொடுக்கப்போவதாக எண்ணிக்கொண்டு கையில் கொடுக்கும் தொகையிலும் கூட்டிவிடுகிறது. கூட்டியதை அடுத்த வரியில் ‘கழிவு’ என்று திரும்ப எடுக்கும் தந்திரத்தால் சமாளிக்கிறோம். இரவுத் தேநீரும் விடியற்காலைச் சோறும் கழிவாகச் சிட்டையில் தெரிவதைப் பார்த்து, இதுவரை இலவசமாகச் சாப்பிட்டதற்கு இப்போது காசு வெட்டுகிறார்களோ என்று சிலர் நினைத்ததில் வியப்பில்லை.

இரவு வேலையை இந்த மென்பொருள் புரிந்துகொள்ள மூன்று மாதம் எடுத்தது. கைரேகை இயந்திரத்தில் இரவு எட்டுக்கு விரல் வைத்தவர் மறுநாள் காலை நாலரைக்கு மீண்டும் வைக்கிறார். மென்பொருளின் பார்வையில் அவர் முதல் நாள் வந்து வெளியே போகவே இல்லை. மறுநாள் வராமலே வெளியே போயிருக்கிறார். ‘நள்ளிரவு கடக்கும் முறை’ என்றோர் அமைப்பு எங்கோ ஒளிந்திருந்தது. போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்காட்டி தானாக ஏறிவிடுவது நல்ல வசதி; 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டப்படி போயாவில் வேலை செய்பவருக்கு அன்றைய சம்பளத்தின் ஒன்றரை மடங்கும் சரியாகவே விழுகிறது.

பணிக்கொடைக் கணக்கில் இருப்பது மெதுவாக வெடிக்கும் குறை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும்; ஐந்து ஆண்டு நிறைவு செய்த மாதச் சம்பளக்காரர் விலகும்போது, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மென்பொருளில் திகதிக்கு ஒரே பெட்டி, அதன் பெயர் ‘நிரந்தரமாக்கிய திகதி’. எங்கள் போறணைப் பாஸ் (போறணை வேலையில் தேர்ந்த கைவினைஞர்) 2011இல் நாட்கூலியாக வந்தவர், 2014இல் மாதச் சம்பளத்துக்கு மாறியவர். அந்தப் பெட்டியில் 2014 என்று எழுதினால் மூன்று ஆண்டுகள் கணக்கிலிருந்து மறைந்துபோகும். 40,000 ரூபா சம்பளத்துக்கு அரை மாதம் 20,000 ரூபா என்று பார்த்தால், நாட்கூலிக் காலத்துக்கான 14 நாள் கணக்கை எப்படிப் போட்டாலும் மறைவது சிறு தொகை ஆகாது. நான் 2011 என்றே எழுதி வைத்திருக்கிறேன். பெட்டியின் பெயர் என்னவாகவும் இருக்கட்டும். ஓய்வு வயதிலும் ஒரு குழப்பம் இருந்தது. ஆண்கள் 55 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பதையும் ஓய்வு வயதையும் ஒன்றாக்கி, 55 ஆனவர்களை ‘ஓய்வு பெற வேண்டியவர்’ என்று பட்டியலிட்டது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் அதை 60 ஆக்கியது. எழுதிக் கேட்டதும் திருத்தினார்கள்.

தமிழ்ச் சிட்டையைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் எங்கள் பாஸ் என்னை மன்னிக்க மாட்டார். ‘மும்மொழி’ என்று விளம்பரம் செய்கிறார்கள். தமிழ் எழுத்துகளும் உடையாமல்தான் வருகின்றன. ஆனால் நாங்கள் எல்லோரும் ‘நோ பே’ என்று சொல்லும் சம்பளமற்ற விடுமுறைக் கழிவுக்கான வரியில் ‘சம்பளம் இல்லை’ என்று அச்சிட்டிருந்தார்கள், அதற்கு எதிரே 0.00. முதல் மாதச் சிட்டையைக் கையில் வாங்கிய பாஸ், கண்ணாடியைப் போட்டு இருமுறை வாசித்துவிட்டு என்னிடம் வந்தார். “என்ன மகன், முப்பது நாளும் நெருப்புக்கு முன்னால நிண்டிருக்கன், சம்பளம் இல்லையெண்டு போட்டிருக்கு?” என்று கேட்டார். அந்தச் சொல்லை ‘சம்பளமற்ற விடுமுறைக் கழிவு’ என்று மாற்ற ஐந்து மாதம் ஆனது. மற்றவை பெரும்பாலும் பரவாயில்லை; சேமலாப நிதியை ‘வருங்கால வைப்பு நிதி’ என்று எழுதியிருப்பது எங்கள் நாட்டு வழக்கில்லை என்றாலும் ஆட்களுக்கு விளங்குகிறது.

உதவிப் பிரிவில் தமிழில் பேசுபவர் ஒருவரே இருக்கிறார், பொறுமையானவர். மென்பொருளை நன்கு அறிந்தவர் என்றாலும் தொழிற் சட்டம் அவருக்குரிய துறையில்லை. அந்த எல்லையை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் சூன் பாண்காரர்கள் விடயத்தில் நாங்கள் ஒரு மாதத்தை வீணாக்கியிருக்க மாட்டோம். திருமலை வீதியில் இருக்கும் கணக்காய்வு அலுவலகம் ஒன்றிடமும் இடையில் விலை கேட்டேன். மாதம் 15,000 ரூபா சொன்னார்கள், அவர்களும் முதலில் கேட்டது ஆட்களின் வகைப் பட்டியலையே. வேலை செய்யும் இடத்தை வந்து பார்ப்பீர்களா என்று கேட்டதற்குத் தேவையில்லை என்றார்கள். அப்படியானால் மென்பொருளுக்கு மேலாக மாதம் 10,200 ரூபா எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

ஒரே வகையான ஊழியர்களை மாதச் சம்பளத்தில் வைத்திருக்கும் தனியார் வகுப்பு நிலையம், மருந்துக் கடை, சிறு அலுவலகம் போன்றவற்றுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். அரிசி ஆலை, ஓட்டுத் தொழிற்சாலை, கட்டட ஒப்பந்தக்காரர், எங்களைப் போன்ற பேக்கரி ஆகியோர் வாங்குவதானால், சந்தா கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் உண்மையில் என்ன செய்கிறார், யாருடைய கருவியில் செய்கிறார், எந்தத் திகதியில் முதன்முதலாக வந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வருவது நல்லது. உணவின் பெறுமதியைப் பதியும் பெட்டி அடுத்த பதிப்பில் வருவதாகச் சொல்கிறார்கள். அது இன்னும் வரவில்லை.

ஐந்தில் மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். 2026க்கான சந்தாவை 23 பெயருக்குப் புதுப்பித்திருக்கிறோம், மாதம் 4,600 ரூபா. இருபத்து நான்காமவருக்கு இப்போது சம்பளச் சிட்டை கிடையாது. கடன் கொப்பியில் அவருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, காலையில் எடுத்துப் போகும் பாணின் எண்ணிக்கையை எழுதி வருகிறேன்.